நைலானின் மழுங்கிய மூலை

கிட்டார் கம்பியை மீட்டும் ‘பிக்’ என்ற முக்கோண வில்லைகள் மூன்று ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் குடியிருந்தன. ஒன்று எஃகு, ஒன்று கொட்டாங்குச்சி, ஒன்று நைலான். நைலான் காலையிலிருந்து டப்பாவின் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அதன் மூன்று மூலைகளில் எப்போதும் வாசிக்கிற மூலை தேய்ந்து மொட்டையாகிவிட்டது. இன்றைக்குத் தன்னைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றே அதற்குப் பட்டது.

“என்னைப் பாரு, வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கேன். சத்தமும் கணீர்னு விழும்” என்றது எஃகு.

“உன் கணீர் காதைக் கூச வைக்குது. குழைவுன்னா எங்கிட்டதான். என்ன, வேகமா வாசிச்சா விளிம்பு பிசிறு தட்டிடும்” என்றது கொட்டாங்குச்சி.

நைலான் தன் மொட்டை மூலையை டப்பாவின் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

டப்பா மூடாமல் கிடந்ததால், பக்கத்தில் சாய்ந்திருந்த கிட்டாரின் மெல்லிய கம்பிக்கு எல்லாம் கேட்டது.

“எஃகு அண்ணே, நீங்க வாசிச்ச மாசத்துல, எனக்கு முன்னாடி இதே இடத்துல இருந்த ரெண்டு கம்பி அறுந்துபோச்சு. நைலான் அக்காகூட நான் எட்டு மாசமா இருக்கேன். அக்கா, உங்க மூலை எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். எனக்கு வர வேண்டிய தேய்மானத்தை நீங்க வாங்கிக்கிட்டீங்க.”



அப்போது கிட்டார் வாசிப்பவரின் விரல்கள் வந்து நைலானை எடுத்தன. மழுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தன. விரல்கள் அதைத் திருப்பி, புது மூலையைக் கம்பிமேல் வைத்தன.

“வாங்கக்கா” என்றது கம்பி. “இந்தத் தடவை நானும் கொஞ்சம் தேஞ்சுக்கறேன்.”