துரைசானி மூக்கு

மேஜைமேல் வரிசையாக மூக்குகள் இருந்தன.

எல்லாம் வெள்ளைச் சுண்ணத்தில் வார்த்தவை. டாக்டர் சீமையில் படித்துவிட்டுத் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தவை. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் ஏழெட்டு வருஷமாகிறது. அவன் மூக்கு மட்டும் மைசூரில் தங்கிவிட்டது.

மாரக்காள் முக்காட்டை இன்னும் இழுத்து மூக்கிருந்த இடத்தை மூடிக்கொண்டாள். அத்தனை மூக்குகளுக்கு முன்னால் உட்கார அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சும்னே பயப்படாதே மாரக்கா" என்று கன்னடம் கலந்து சொன்னாள் பக்கத்தில் நின்ற சரசு.

சரசு, மண்டி மொஹல்லாவில் அரிசி மண்டி வைத்திருக்கும் ரத்தினசாமியின் ஒரே மகள். மாரக்காள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். டாக்டருக்குக் கன்னடம், மாரக்காளுக்குக் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ். நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறேன் என்று சரசுதான் அடம்பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

தை பிறந்தால் சரசுவுக்குக் கல்யாணம். மூக்கறுபட்டவள் மணப்பந்தலில் எதிரே வந்தால் ஆகுமா? ஆகாது என்று வீட்டம்மாள் சொல்லிவிட்டாள். எல்லாம் முடியும்வரை கொல்லையோடு கிட என்றும் சொல்லிவிட்டாள். மாரக்கா முன்னால் நின்றால்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்று சரசு ஒற்றைக் காலில் நின்றாள். அதனால்தான் இந்த வைத்தியம்.

மாரக்காளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. பந்தலில் நின்று அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக நெற்றித் தோலை உரித்தாலும் சரி, முதுகுத் தோலை உரித்தாலும் சரி.

டாக்டர் நல்ல மனிதர். முக்காட்டை விலக்கச் சொல்லி, முகம் சுளிக்காமல் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. சந்தேகம் பிடித்த புருஷனின் அரிவாள் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நெற்றித் தோலை இறக்கி மூக்குக் கட்டலாம் என்றார். ஆனால் இந்த வார்ப்பெல்லாம் வெள்ளைக்காரர் மூக்கு, உன் முகத்தில் ஒட்டாது. ஒவ்வொரு சனத்துக்கும் அதற்கென்று ஒரு மூக்கு உண்டம்மா. அறுபடுவதற்கு முன்னால் உன்னுடையது எப்படியிருந்தது? போட்டோ இருக்கிறதா?

சரசு தமிழில் சொன்னாள். போட்டோவுக்கு எங்கே போவாள் மாரக்காள்!

அப்படியானால் கூடப்பிறந்தவர், பெற்ற பிள்ளை, இரத்த சம்பந்தம் யாராவது ஒருவரை அழைத்து வா, அவர் மூக்கைப் பார்த்துக் கட்டித் தருகிறேன் என்றார்.

"எனக்கு ஆருமில்லீங்க சாமி."

இதைக் கன்னடத்தில் சொல்லும்போது சரசு மாரக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாவம், இளகின மனசு.

டாக்டர் சரசுவைப் பார்த்தார். மாரக்காளைப் பார்த்தார். மறுபடியும் சரசுவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பக்கத்துச் சனம் போலிருக்கிறதே, கன்னமும் தாடையும்கூட ஒரே வாகு. இந்தப் பெண்ணின் மூக்கையே அளவெடுத்துக் கட்டினால் கச்சிதமாகப் பொருந்தும் என்றார்.

சரசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஐயோ, என் மூக்கா? பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியம்மா அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இந்தச் சப்பை மூக்கு யாரைக் கொண்டது என்று கேட்டாளாம். செத்துப்போன அத்தையைக் கொண்டது என்று அம்மா சொன்னாளாம்.

மாரக்காள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அளவுகோலைச் சரசுவின் முகத்தருகே கொண்டுபோனார். பரந்த மூக்கு. உருண்ட நுனி. நுனியில் விரல்நகம் பட்டதுபோல் ஒரு சின்னப் பள்ளம். அது தன் முகத்தில் வந்து உட்கார்ந்தால்! ஒரு கணம், ஒரே ஒரு கணம், மாரக்காள் ஆசைப்பட்டுவிட்டாள்.

பந்தலில் முதல் வரிசையில் அந்தப் பெரியம்மாதான் உட்கார்ந்திருப்பாள்.

சட்டென்று கையை நீட்டி மேஜையிலிருந்து ஒரு மூக்கை எடுத்தாள். இருந்ததிலேயே நீளமானது, இருந்ததிலேயே கூரானது.

"இதுவே போதுஞ் சாமி."

ஊரே சிரிக்கும் என்றார் டாக்டர். சிரிக்கட்டும் என்றாள். அவர் அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அளவுகோலைக் கீழே வைத்தார்.

மூக்கு அறுபட்ட புதிதில், முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் பச்சைக் குழந்தையோடு மாரக்காள் மண்டித் தெருவில் வந்து நின்றபோது, பிள்ளையில்லாத வீட்டம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தாய்வீட்டில் பெற்று வந்ததாக ஊரை நம்பவைத்தாள். மாரக்காளுக்குச் சோறும் கொல்லைப்புறத்து அறையும் கொடுத்து, ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள். பெற்றவள் என்று வாய் திறக்கக் கூடாது.

பதினாறு வருஷமாக அவள் வாய் திறக்கவில்லை. இனி மூக்கு சொல்லிவிட்டால்?

சரசு அந்தச் சுண்ண மூக்கை வாங்கி மாரக்காளின் முகத்தில் பொருத்திப் பிடித்தாள். சுவர்க் கண்ணாடி முன்னால் அவளை இழுத்துப்போய், கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று பார்த்தாள்.

"அய்ய, துரைசானி! யாரோ மாதிரி இருக்கே மாரக்கா."

"இருந்துட்டுப் போறேன் கண்ணு."