பச்சைச் சாறு

"அதுல கை வைக்காதே. அது உனக்கு இல்ல."

ஜூஸரின் இரைச்சல் அடங்கியதும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை அதுதான். தையற்காரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். நாக்கு வறண்டு கிடந்ததால் ஒரு வாய் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

சமையல் மேடையில் மூன்று தம்ளர்கள் இருந்தன. சர்க்கரை நோயுள்ள அண்ணனுக்குப் பாகற்காய்ச் சாறு. அவர்கள் மகளுக்குக் கேரட்டும் ஆரஞ்சும். வெள்ளரி, கீரை, இஞ்சி அரைத்து எலுமிச்சை பிழிந்த பச்சைச் சாறு அண்ணிக்கு.

"ஒரு நாளைக்கு உனக்கு ஒரு லிட்டர் தண்ணிதான். அதோ, பாட்டில்ல அளந்து வச்சிருக்கேன்," என்ற அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு குளியலறை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்று முள்ளைக் குனிந்து பார்த்தாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் இதே வீட்டுக் கூடத்தில்தான் தையற்காரியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தச் சத்தம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றாள் அண்ணி. "இனிமே உங்க கையால பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு மெஷினோடு வெளியேறிய தையற்காரி தனியாகக் கடை போட்டாள், நன்றாகவே நடத்தினாள். பிறகு ஈரல் கெட்டது. காலில் நீர் கோத்துக் கடையைப் பூட்டவேண்டியதாயிற்று. மாற்று ஈரலுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வரிசையில் காத்திருந்தாள். தன்னால் ஏதாவது தர முடியுமா என்று கேட்ட அண்ணனைச் சர்க்கரை நோயைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் அவன் தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்தான்.

இப்போது தண்ணீர்கூட அந்தக் கை அளந்து கொடுப்பதுதான்.

அவள் வந்த பத்தாம் நாள் ஜூஸர் வந்தது. "இனிமே இந்த வீட்ல எல்லாரும் ஆரோக்கியமா இருக்கணும்," என்று அண்ணி அறிவித்தாள். எல்லாரிலும் தான் சேர்த்தியில்லை என்பது தையற்காரிக்கு மறுநாள் காலையே புரிந்துவிட்டது.

சாறோடு நிற்கவில்லை. காலையில் ஒரு மணி நேர நடை. ராத்திரிச் சாப்பாடு பாதியானது. ஒரு மாதத்தில் அண்ணியின் தாடை எலும்பு தெரிந்தது. அடுத்த மாதம் தன் ரவிக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள்.

"உக்காந்தே செய்ய முடியும்ல? ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கொடு. தொளதொளன்னு கிடக்கு."

"எதுக்கு அண்ணி இந்த வயசுல இவ்வளவு பாடு?"

"மக கல்யாணம் வருதே. போட்டோவுல பீப்பாய் மாதிரி நிக்கச் சொல்றியா?"

தையற்காரி ஊசியில் நூல் கோத்தாள். சட்டையில் நாலு விரல் அளவுக்குப் பிடிக்கவேண்டியிருந்தது. ஒரே கூரையின் கீழ் ஒருத்தி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி கிலோவை எண்ணுகிறாள் என்று நினைத்தபடி நூலை வெடுக்கென்று இழுத்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, நீயாவது சொல்லக்கூடாதா? நான் இப்படிக் கிடக்கேன். அவங்களுக்கு அழகு கேக்குது."

அண்ணன் விட்டத்தைப் பார்த்தான். "அவ ஒண்ணை நினைச்சுட்டா யார் சொல்லியும் கேக்கமாட்டா. விட்டுடு," என்று எழுந்து போய்விட்டான்.

பொண்டாட்டிதாசன் என்று முணுமுணுத்தாள் தங்கை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பரிசோதனை. அண்ணிதான் கூட வந்தாள். சக்கர நாற்காலியை டாக்டரின் அறை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவள், "நீ உள்ள போ. எனக்கு வேற ஜோலி இருக்கு," என்று நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். கண்ணின் மஞ்சளைப் பார்த்தார்.

"வீட்ல நல்லா கவனிச்சுக்கறாங்களா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"என்னத்தைச் சொல்ல, டாக்டர். எங்க அண்ணிக்கு அவங்க உடம்புதான் பெருசு. சாறு பிழியறதுக்கும் நடக்கறதுக்கும் எடை பாக்கறதுக்குமே பொழுது சரியாப் போகுது. கல்யாணப் போட்டோ எடுக்கறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துட்டா அவங்களுக்கு இன்னும் நிம்மதி."

டாக்டர் கோப்பைத் திறந்து கடைசித் தாளை ஒருமுறை படித்தார்.

"வியாழக்கிழமை காலைல உங்களுக்கு ஆபரேஷன். ஈரல் கிடைச்சிருச்சும்மா."

அவள் தணிந்த குரலில் கேட்டாள்:

"ஐயோ, யாரு டாக்டர்... யாராவது செத்துப்போயிட்டாங்களா?"

"யாரும் சாகல. ஈரல்ல கொழுப்பு இருக்கு, எட்டு கிலோ எடை குறைஞ்சாதான் பாதியை எடுக்க முடியும்னு சொன்னேன். அதுவரைக்கும் உங்க காதுல போடக்கூடாதுன்னு எனக்கே உத்தரவு போட்டுட்டு, ரெண்டு மாசத்துல பத்து கிலோ குறைச்சுக்கிட்டு வந்து, பக்கத்து ரூம்ல சம்மதக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காங்க உங்க அண்ணி."