போனில் பிடித்த மணிக்கட்டு

"செப்டம்பர் 17, புதன். இன்று ஒரு சிறு தவறு. அடைக்கலமேரி அக்காவின் மணிக்கட்டு எக்ஸ்ரேயை அசலாக அனுப்பாமல், கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம்பிடித்து டாக்டருக்கு அனுப்பினேன். தவறு என்பது மாலை வகுப்பில்தான் தெரிந்தது. தவறுதானா என்பதும் இன்னும் உறுதியில்லை."

கடைசி வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தாள் பிரகதீஸ்வரி.

மறுநாள் காலை எட்டு மணிக்கே குளத்தூர் எக்ஸ்ரே சென்டரின் பூட்டைத் திறந்துவிட்டாள். அவளுக்கு வேலை ஒன்பதரைக்குத்தான். பகலெல்லாம் இங்கே உதவியாளர். சாயங்காலம் பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் எக்ஸ்ரே டெக்னீசியன் வகுப்பு.

பிலிம் அடிக்கும் பிரிண்டர் ரிப்பேராகி ஒரு மாதமாகிறது. அசல் படத்தை மெயிலில் ஏற்றினால் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டேயிருக்கும். போனில் பிடித்தால் அரை நிமிடம். திருச்சியில் இருக்கும் எலும்பு டாக்டர் ஆனந்தராஜ் அதைப் பார்த்துவிட்டுத்தான், "ஒடையலம்மா, வெறும் சுளுக்கு. வேலைக்குப் போகச் சொல்லு" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

வேலை என்றால் ஆவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். ஈரத்தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள் அடைக்கலமேரி. நூற்றிருபது பிள்ளைகளுக்கு வடித்த சோற்றுக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்குகிற கை அது.

வகுப்பில் நேற்று வாத்தியார் பலகை முழுக்கக் கட்டம் போட்டார்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அவ்வளவுதான் படம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நாலாயிரத்துச் சொச்சம் சாயல்களை மெஷின் பிரித்து வைத்திருக்கிறது. திரை ஒரு நேரத்தில் காட்டுவது இருநூற்றைம்பத்தாறுதான். மீதியெல்லாம் உள்ளே இருக்கும். எந்தச் சாயல்கள் வேண்டுமென்று நாம்தான் மவுஸால் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும்.

"அப்ப போனுல புடிச்சா வாரது என்னங்க சார்?" என்று கேட்டது அவள்தான்.

"கல்யாணத்துக்கே போகாம, ஆல்பத்தப் பாத்துட்டு வந்து சாப்பாடு நல்லாருந்துச்சுங்கறாப்லம்மா."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் போனை எடுத்து, அன்று அனுப்பிய படத்தைத் திறந்துவிட்டாள்.

இப்போது படத்தைத் திறந்தாள். அவசரத்திலும் வரிசை தவறவில்லை. பெயர் பார்த்தாள். வயது பார்த்தாள். வலது கை என்ற குறியைப் பார்த்தாள். பிறகு மவுஸை அழுத்திப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

சதை மறைந்தது. விரல்கள் வெளுத்தன. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு. போன் படத்தில் சரியாக அந்த இடத்தில்தான் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து தொலைத்திருந்தது.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

பருப்பின் நடுவே ஒரு கோடு. மயிரிழை கனம்கூட இல்லை.

இழுத்ததால் வந்த கோடா? பழையபடி விட்டாள். மறைந்தது. மறுபடி இழுத்தாள். அதே இடத்தில் வந்தது. மூன்று தடவை செய்தாள். பெரிதாக்கியபோது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கோடு மட்டும் கட்டம் தாண்டிக் கட்டமாகப் போய்க்கொண்டேயிருந்தது.

டாக்டர் இல்லையென்று சொன்ன கோடு. இவளோ வகுப்பில் சேர்ந்து பத்து மாதம்.

மணி எட்டு இருபது. பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டியிருப்பார்கள்.

"அக்கா, எக்ஸ்ரே சென்டர்லேர்ந்து பேசுறேன். குண்டானத் தூக்கிட்டீங்களாக்கா? தூக்காதீங்க. படத்த நான் சரியா அனுப்பல. தப்பு என்னுதுதான்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருண்டது. யாரையோ அதட்டிவிட்டு அடைக்கலமேரி போனுக்கு வந்தாள்.

"நான் எங்கிட்டுத் தூக்க? நேத்துலேர்ந்து கையத் துண்டுல கட்டித் தொங்கப்போட்டுக்கிட்டு, உக்காந்து அதிகாரமில்ல பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"டாக்டருதான் வேலைக்குப் போகலாம்னாரேக்கா?"

"அவரு சொன்னாரு. அத எங்கிட்டச் சொல்லையில ஒன் மூஞ்சியப் பாத்தேன் புள்ள. ஒனக்கே நம்பிக்க இல்ல. சரி, இந்தப் புள்ள மூஞ்சி தெளியிற மட்டும் எதையும் தூக்க வேணாம்னு இருந்துட்டேன்."

எதையும் நம்பாத மூஞ்சி என்று வீட்டில் நித்தம் திட்டு வாங்குகிற முகம் அது. பிரகதீஸ்வரி அணைந்து கிடந்த இன்னொரு திரையில் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பிறகு அசல் படத்தை மெயிலில் ஏற்றிவிட்டு, அது சுற்றி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

"செப்டம்பர் 18, வியாழன். தவறு உறுதி. கோடும் உறுதி. படம் ஏற முப்பத்தைந்து நிமிடம். டாக்டரே கூப்பிட்டுப் பேசினார். மதியம் மாவுக்கட்டு போட்டாயிற்று. எலும்பு விலகவில்லை, எட்டு வாரத்தில் கூடிவிடும் என்றார். அடைக்கலமேரி அக்கா இடது கையால் என் கன்னத்தைக் கிள்ளினார்கள், வலித்தது. இன்று நன்றாகப் பசித்தது.

நாளை: எட்டு மணிக்கே திறக்க வேண்டும். பிரிண்டர் கெட்டதிலிருந்து போனில் பிடித்து அனுப்பிய படங்கள் இன்னும் இருபத்து மூன்று இருக்கின்றன. முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்."