கப்பல் கரை சேருமா?

கிட்ட வந்து உட்காருங்க, மெதுவாச் சொல்றேன்.

தையற்கடைச் சுவரில் ஒரு பல்லியும் சிலந்தியும் இருந்துச்சு. கடைக்காரர் மாசிலாமணி போனில் பாட்டுப் பார்த்தா, அதுங்களும் மேலேயிருந்து பார்க்கும். அவரோ எதையும் பாதியிலேயே விரலால் தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார்.

அன்னைக்கு ஒரு பாட்டில் நூறு பேர் நீலச் சேலையை விரிச்சு ஆட்ட, அது ஆறாச்சு. அதில் ஒரு காகிதக் கப்பல் மிதந்துச்சு.

"அண்ணே, கப்பல் கரை சேருமா?"ன்னு கேட்டுச்சு சிலந்தி.

"இவர் விரல் விட்டாத்தானே"ன்னுச்சு பல்லி.

விரல் எழுந்துச்சு. உடனே பல்லி "உச் உச்"னு கொட்டுச்சு.

"பல்லி வேண்டாங்குதே"ன்னு மாசிலாமணி விரலை இழுத்துக்கிட்டார். கப்பல் கரை சேர்ந்துச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே மறுபடி முதல்லேருந்து போட்டார்.

அடுத்து ஒரு பனிமலைப் போட்டோ வந்துச்சு.

"கொட்டுங்கண்ணே, தள்ளிடப் போறார்"னு சிலந்தி பதறுச்சு.

விரல் அசையவே இல்லை. பல்லி நாக்கைச் சுருட்டிக்கிட்டு மலையைப் பார்த்துச்சு.