மைக்குக்கு இடப்பக்கம்

ஹூஸ்டனின் மூன்று மணி வெயில் ஜன்னல் திரையின் கிழிசல் வழியாக நுழைந்து, லவெல் தொடாமல் வைத்திருக்கும் பொரித்த கெளுத்தி மீனின் மேல் விழுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மட்டும் நிற்கிறான்; இந்தப் பக்கம் ரெக்கார்டிங் மேசையின் முன் நான். இது அவனுடைய முதல் தனி ஆல்பம். பெயருக்குத்தான் தனி. மெம்ஃபிஸிலிருந்தும் அட்லாண்டாவிலிருந்தும் ஆளாளுக்கு ராப் பாடி அனுப்பியிருக்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு விருந்தாளிக் குரல்கள். இந்த அறைக்குள் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. "ஊரையே கூப்பிட்டுட்டு கர்ட்டிஸை மட்டும் விட்டுட்டியேடா," என்கிறேன். இத்தனை வருஷமும் இவனோடு ஒரே மைக்கில் ஜோடியாகப் பாடியவன் கர்ட்டிஸ்; முதல் பாதி இவன், மறுபாதி அவன். ஒரு சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. "அந்தத் தடியன் பேச்சை எடுக்காத. பாட்டைப் போடு." போடுகிறேன். தாளத்தின் அதிர்வில் கோப்பைத் தண்ணீர் நடுங்குகிறது. லவெல் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பாடுகிறான். முதல் பாதி முடிகிறது. மறுபாதியும் லவெலுடையதுதான், இந்த ஒரு பாட்டில் மட்டும் விருந்தாளி கிடையாது. ஆனால் அவன் கால் தன்னால் ஓர் எட்டு இடப்பக்கம் நகர்கிறது. பருத்த உடம்புக்காரன் ஒருவன் உரசாமல் வந்து நிற்பதற்குத் தோதாகத் தோளை ஒடுக்கிக்கொள்கிறான். "யாருக்குடா வழி விடுற?" என்று கேட்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசும் பொத்தானில் விரலை வைத்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன். மைக்கின் முன்னால் ஆளில்லாமல் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. லவெல் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.