ஒரு தூண் முன்னால்

பனிமலையில் ஏறிக்கொண்டிருந்த நாற்காலி லிப்ட், சொல்லிவைத்த இடத்துக்கு ஒரு தூண் முன்னாலேயே நின்றுவிட்டது. ரூப்பர்ட்டுக்குத் திக்கென்றது. எண்ணத் தெரியாத ஆளிடம் போய் வாழ்க்கையை ஒப்படைத்தோமே என்று ஆலாய்ஸை மனசுக்குள் திட்டினான்.

ஏற்பாடு இதுவல்ல. காலையில் அவன் காதலி ஃப்ரோனி ரொட்டி வாங்கப் போய்விட்டு வந்து குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் லிப்ட் கிளம்பும் இடத்துக்கு ஓடினான். லிப்டை இயக்கும் ஆலாய்ஸின் கையில் பேரிக்காய்ச் சாராயப் புட்டி ஒன்றைத் திணித்தான்.

"நாங்க மேல போறப்ப, உறைஞ்ச அருவிக்கு நேரா இருக்கற தூண்கிட்ட அஞ்சு நிமிஷம் நிறுத்தணும் அண்ணே. காரணம் என்னன்னா..."

"காரணமெல்லாம் வேணாம் தம்பி." ஆலாய்ஸ் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஏறத் தெரியாம தினம் யாராவது விழுந்துக்கிட்டேதான் இருக்காங்க. லிப்ட் நின்னா இந்த ஊர்ல ஏன்னு கேக்க ஆளில்ல."

காரணம் இப்போது ரூப்பர்ட்டின் இடது கையுறைக்குள் இருந்தது. பாட்டியுடையதும் இல்லை, அம்மாவுடையதும் இல்லை, அவனே கடை கடையாக ஏறி வாங்கிய மோதிரம். மலையுச்சிக் குடிலில் அவன் தங்கையும் மச்சானும் ஒயின் புட்டிகளைப் பனியில் புதைத்துவிட்டுக் கைதட்டத் தயாராகக் காத்திருந்தார்கள். மகன் இன்றைக்குக் கல்யாணம் கேட்கப் போகிறான் என்று லின்ஸ் நகரில் அவன் அம்மா பாதி ஊருக்குச் சொல்லிவிட்டிருந்தாள்.

ஏறும்போது ஆலாய்ஸ் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். ஃப்ரோனி லேசாகத் தலையாட்டினாள். யார் சிரித்தாலும் பதிலுக்குத் தலையாட்டுகிற மரியாதைக்காரி அவள்.

ஆனால் அந்த ஆள் நிறுத்தியிருந்த இடத்தில் அருவி இல்லை. பனிச்சறுக்குக் கட்டைகள் மாட்டித் தொங்கிய கால்களுக்கு நேர் கீழே ஹோட்டலின் குப்பைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பின் நாற்காலியில் வந்த ஹாலந்துக்காரர்கள் இருவரும் எதையும் கண்டுகொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, தொட்டியோ அருவியோ, அஞ்சு நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரூப்பர்ட் கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"நான் முதல்ல பேசிடறேன்," என்றாள் ஃப்ரோனி. "இங்க காத்தும் இல்ல. சொல்றது காதுல விழும்."

வழக்கமாக லிப்ட் நின்றால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்பவள். இன்றைக்குப் பனிக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ நல்லவன் ரூப்பர்ட். அதுல ஒரு குறையும் இல்ல."

இப்படித் தொடங்கிய பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்து அவன் கேள்விப்பட்டதில்லை. கையுறையைப் பல்லிலிருந்து விட்டான்.

"ஆறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். மனசுல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது நீயா சொல்லியிருக்கியா? நான் பேச்செடுத்தா பால்கனிக்குப் போய் செடிக்குத் தண்ணி ஊத்துவ. ஜனவரி மாசத்துல யாருடா செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க? இங்கருந்து எங்க போவ, சொல்லு."

ரூப்பர்ட் கீழே பார்த்தான். போக இடமில்லைதான்.

"கிராட்ஸ் நகரத்துல கெடைச்சிருக்கற அந்த வேலைக்கு வரேன்னு நாளைக்குச் சொல்லிடப் போறேன். தனியாத்தான் போறேன். நீ ஏதாவது சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடு."

சொல்ல வேண்டியதை அவன் ஒரு மாதமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் மனப்பாடம் செய்திருந்தான். 'இந்த அருவி மாதிரி நானும் உறைஞ்சு போயிருந்தேன் ஃப்ரோனி' என்று தொடங்கும் பேச்சு அது. குப்பைத் தொட்டிகளுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அதை எங்கிருந்து தொடங்குவது என்று அவனுக்குப் புரியவில்லை.

"குளிருதா உனக்கு?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள்.

பின்னால் பாட்டு நின்றுபோய் வெகு நேரமாகிவிட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஹாலந்துக்காரர்கள் இருவரும் ஏதோ இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. ஃப்ரோனி பனிக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள். உள்ளே அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவனுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேலே போய் இறங்கியதும் தங்கையும் மச்சானும் கைதட்டுவார்களே என்று நினைத்தபோது, இந்தக் கம்பி இப்படியே அடுத்த நாட்டுக்குப் போய்விடக் கூடாதா என்றிருந்தது.

அடுத்த தூண் வந்தது. எதிரே பாறை முழுக்க உறைந்து நின்ற அருவியில் வெயில் பட்டு நீலமாக ஒளிர்ந்தது. அவன் பார்த்துவைத்த அதே இடத்தில், லிப்ட் மறுபடியும் நின்றது.

ஃப்ரோனி சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தைத் திருப்பி, லிப்ட் கிளம்பும் இடத்தைப் பார்த்தாள்.

"இந்த ஆலாய்ஸுக்கு என்ன ஆச்சு? நான் ஒரு தடவைதானே நிறுத்தச் சொன்னேன்."