ரிலீவர்

காலையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுகிறேன், ரிலீவர் வரவில்லை.

ரிலீவர் என்றால், லைனில் நிற்கிற ஒருத்தி பாத்ரூம் போய் வரும்வரை அவள் இடத்தில் நிற்கிறவள். ஏழு நிமிடம். முப்பத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு ரிலீவர். அவள் வராமல் நாங்கள் நகர்ந்தால் பெல்ட்டில் டி.வி. போர்டு தேங்கும், சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும்.

அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துதான் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கிட்னி வரைக்கும் போய்விட்டது, முதலில் இந்த வேலையை விடு என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா திட்டி அனுப்பினார்.

பக்கத்தில் வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. நினைத்தபோது எழுந்து போகலாமாம். ஆனால் இங்கிருந்து ரிலீவிங் லெட்டர் கொண்டு வரச் சொல்கிறார்கள். கூத்தைப் பாருங்கள், பாத்ரூம் போகவும் அதே வார்த்தை, வேலையை விட்டுப் போகவும் அதே வார்த்தை. இரண்டுமே லேசில் கிடைக்காது.

தாமிரபரணி வெள்ளம் எங்கள் ஊருக்குள் வந்த வருஷம் ரிலீஃப் என்று சொல்லி அரிசிப் பை தந்தார்கள். முட்டிவலிக்கு அடிக்கிற ஸ்பிரேயிலும் அதைத்தான் எழுதியிருக்கிறான். வெளியே நல்ல வார்த்தையாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த கேட்டுக்குள் வந்துதான் கெட்டுப்போனது.

போன வாரம் தங்கை முத்துச்செல்வியிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பினேன். ஊரில் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவள் படிக்க வேண்டும் என்றுதான் நான் இங்கே வந்து நிற்கிறேன். அந்த வார்த்தைக்கு ஆதியில் வேறு அர்த்தமாம், மறுபடி மேலே தூக்கிவிடுவது என்று டிக்ஷனரியைப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைத் தூக்கிவிட யாருட்டி இருக்கா என்று கேட்டேன். நான் இருக்கேம்லா என்று சிரித்தாள்.

இன்றைக்கு எனக்குக் கடைசி நாள். பதினோரு மணிக்குப் புது ஆள் வரும், வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று எச்.ஆரில் சொல்லியிருந்தார்கள்.

பதினொன்றே காலுக்கு சூப்பர்வைசர் ஜீவானந்தம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார். தொப்பி, மாஸ்க், கோட்டு. இந்த வேஷத்தில் இங்கே எல்லாரும் ஒன்றுதான். நான் போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேலே இரண்டு ஸ்க்ரூ, கீழே இரண்டு ஸ்க்ரூ. சொல்லச் சொல்ல அந்தக் கை சரியாகச் செய்தது. பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எனக்கு அடிவயிறு கனத்து வலித்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். முட்டிக்கொண்டு வரும்வரை காத்திருக்காதே, முன்கூட்டியே கையைத் தூக்கிவிடு என்று யாரோ பெற்ற பிள்ளைக்குப் புத்தி சொன்னேன்.

சரிக்கா என்றாள். அது எங்கள் வீட்டுக் குரல்.

திரும்பினேன். மாஸ்க்குக்கு மேலே முத்துச்செல்வியின் கண்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. படிப்பு என்னட்டி ஆச்சு, எந்தப் பாவி உன்னைக் கூட்டியாந்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எச்.ஆரிலிருந்து போன் வந்ததாம். அவள் வந்து நின்றால்தான் என்னை விடுவார்களாம், லெட்டர் தருவார்களாம். டி.சி., மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இரண்டு வருஷம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அதற்குள் ஜீவானந்தம் திரும்பி வந்து, அதான் ஆள் வந்துச்சே, இன்னும் இன்னா நின்னுகினு கீற என்று விரட்டினார். நான் நகரவில்லை. உன் நம்பர் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவளைக் கேட்டேன்.

"நீதானக்கா எழுதிக் குடுத்த. ஒன் கையெழுத்த எங்கிட்ட காட்டுனாவ."

அவளோடு போனில் பேசிய மறுநாள் எச்.ஆரில் தந்த, வேலையை விடுவதற்கான ஃபாரம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'ரிலீவ்ட் பை' என்று போட்டு, பெயரும் வயதும் செல் நம்பரும் கேட்டிருந்தார்கள். அது என்ன என்று ஆபீஸில் விசாரித்தேன். காலியாக விடாமல் யார் பெயரையாவது எழுதும்மா என்றார்கள். தூக்கிவிடுகிறவர் யார் என்று கேட்கிறான் போல என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பாழாய்ப்போன புத்தி. அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான எழுத்தில், அவள் பெயரை எழுதினேன்.

வயது என்ற இடத்தில் பத்தொன்பது என்று போட்டேன்.